பழைய மேனுவல் லென்ஸில் அகச்சிவப்பும் பறவைப் படமும்: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அகச்சிவப்பு ஃபில்டர் மாட்டிய கேமராவின் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். எதிரே இருட்டாகத் தெரிவதால் கண்ணின் பாவை விரிந்துவிடும். ஃபில்டர் தடுக்காத அகச்சிவப்பு நேராக விழித்திரையில் விழும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் பாதிப்பு ஏற்படும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

காட்பாடி: சார், என்னிடம் நிக்கான் டி5300 இருக்கு. எம்42 அடாப்டர் போட்டு சூப்பர் டாகுமார் 55 எம்எம் மாட்டினேன். கிட்ட இருக்கிறது ஷார்ப்பா வருது. மலை, கோட்டைச் சுவர் எல்லாம் மங்கல். லென்ஸ் போச்சா?

லென்ஸ் நன்றாக இருக்கிறது, இடம்தான் பொருந்தவில்லை. எம்42 (திருகி மாட்டும் பழைய மவுண்ட்) லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டின் தூரமே 46.5 மி.மீ. ஆக அடாப்டரின் தடிமனைச் சேர்க்காமலே லென்ஸ் ஒரு மி.மீ.க்கு மேல் முன்னே தள்ளி நிற்கிறது. 55 எம்எம் லென்ஸில் இந்த ஒரு மி.மீ. போதும், 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அதில் இன்ஃபினிட்டி (வெகுதூர ஃபோகஸ்) கிடைக்கும், ஆனால் ஷார்ப்னஸ் குறையும். அகச்சிவப்பில் அந்தக் கண்ணாடி இன்னொரு பிரதிபலிப்பையும் சேர்க்கும். வாங்காதீர்கள்.

கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44 மி.மீ. என்பதால் மெல்லிய வளையம் போதும். மிரர்லெஸ் என்றால் கவலையே இல்லை: சோனி இ 18, ஃப்யூஜி எக்ஸ் 17.7, நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20 மி.மீ. நிக்கான் டிஎஸ்எல்ஆரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் பழைய நிக்கார் ஏஐ, ஏஐ-எஸ் (நிக்கானின் பழைய மேனுவல் லென்ஸ் வகைகள்) லென்ஸ் பாருங்கள். டி5300இல் அவை எம் மோடில் மட்டும் வேலை செய்யும், மீட்டர் காட்டாது; ஹிஸ்டோகிராம் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். டி7000, 7100, 7200 மீட்டரும் காட்டும். டி7500 காட்டாது. 1977-க்கு முந்தைய ஏஐ அல்லாத லென்ஸை, மாற்றியமைக்காமல் டி7000 வகையில் திருகி மாட்டினால் மவுண்ட் ஓரத்து நெம்புகோல் உடையும்.

ஆரணி: லென்ஸில் தூர அளவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறதே, அதுதான் அகச்சிவப்புக்கா?

ஆமாம். அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடச் சற்றுப் பின்னால் குவியும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் அந்தக் குறி. மாற்றியமைக்காத (சென்சார் முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றாத) டிஎஸ்எல்ஆரில் 720 நானோமீட்டர் ஃபில்டர் (ஏறத்தாழ அந்த அலைநீளத்துக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடுவது) போட்டுப் படமெடுப்பவருக்கு அது அவசியம். ட்ரைபாடில் வைத்து, ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்யுங்கள். நடுக்கோட்டில் எந்தத் தூரம் நிற்கிறது என்று பார்த்து (10 மீட்டர் என்று வையுங்கள்), வளையத்தைத் திருப்பி அதே 10-ஐச் சிவப்புக் குறிக்கு எதிரே கொண்டுவாருங்கள். பிறகு வளையம் அசையாமல் ஃபில்டரைத் திருகுங்கள். நல்ல வெயிலில் எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 15 விநாடியில் தொடங்கலாம். கேமராவுக்குக் கேமரா இது பெரிதும் மாறும். வியூஃபைண்டரைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் பின்னாலிருந்து ஒளி புகுந்து படத்தில் பட்டை விழும். பழைய ஜூம்களில் குறி ஒரு புள்ளியாக இல்லாமல் வளைந்த கோடாக இருக்கும்; எந்த ஃபோகல் நீளத்தில் நிற்கிறீர்களோ, கோட்டின் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அகச்சிவப்புக்கு மாற்றிய மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இந்தக் குறியை மறந்துவிடலாம். சென்சாரே அகச்சிவப்பில் பார்க்கிறது. திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்தால் அதுதான் சரி.

குடியாத்தம்: அகச்சிவப்புக்கு எந்தப் பழைய லென்ஸ் பெஸ்ட்? பட்டியல் இருந்தால் போடுங்கள்.

போட மாட்டேன். லென்ஸ், சென்சார், ஃபில்டர் மூன்றும் சேர்ந்துதான் முடிவு வரும். இன்னொருவர் கேமராவில் நன்றாக வந்தது உங்களுடையதில் கெடலாம். அடுத்த பதிலில் உள்ள சோதனையைச் செய்யுங்கள்.

ஆம்பூர்: பழைய லென்ஸ் எல்லாம் ஒற்றைக் கோட்டிங். பல அடுக்குக் கோட்டிங்தான் ஹாட் ஸ்பாட்டுக்குக் காரணம். அதனால் பழைய லென்ஸில் ஹாட் ஸ்பாட் வரவே வராது. இதைச் சொல்லாமல் ஏன் சுற்றுகிறீர்கள்?

சுற்றவில்லை, நீங்கள் சொல்வது பாதி சரி. ஹாட் ஸ்பாட் என்பது படத்தின் நட்டநடுவில் விழும் வெளிறிய வட்டம். கோட்டிங் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகக் கணக்கிட்டது; 720-க்கு மேல் அது பிரதிபலிப்பைத் தடுப்பது குறைகிறது. பல அடுக்குக் கோட்டிங் சிலவற்றில் இது மோசம்தான். ஆனால் வேறு காரணங்களும் உண்டு. லென்ஸ் குழாயின் உள்ளே பூசிய கறுப்புப் பெயின்ட் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அகச்சிவப்பில் அது சாம்பலாகக்கூடத் தெரியலாம். சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி பின்கண்ணாடியில் மோதி மறுபடி சென்சாருக்கு வரும். ஃபிலிம் காலத்து லென்ஸை வடிவமைத்தவர்கள் பளபளப்பான சென்சாரை மனதில் வைக்கவில்லை. இந்த இரண்டும் ஒற்றைக் கோட்டிங் லென்ஸிலும் உண்டு.

சோதனை இதுதான். வெயில் சீராக விழும், சுண்ணாம்பு அடித்த வெற்றுச் சுவர் ஒன்றைப் பிடியுங்கள். ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து, சுவர் மங்கலாகவே இருக்கட்டும். முழுதும் திறந்த அப்பெர்ச்சரிலிருந்து எஃப் 16 வரை, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு ரா படம் எடுங்கள். வெளிச்ச அளவு மாறாதபடி ஷட்டரைச் சரிசெய்யுங்கள். கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றுங்கள். பெரும்பாலும் எஃப் 5.6 வரை ஒன்றும் தெரியாமல், 8-இல் மெல்லிய மூட்டமாகத் தொடங்கி, 16-இல் ஓரம் வெட்டினாற்போல வட்டம் நிற்கும். எந்த ஸ்டாப்பில் தொடங்குகிறதோ அதற்கு முந்தையதுதான் அந்த லென்ஸின் எல்லை. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும்.

ராணிப்பேட்டை: நான் லென்ஸ் ஹூட் போட்டேன், ஹாட் ஸ்பாட் போயிடுச்சு. ஆம்பூர் நண்பரும் போட்டுப் பார்க்கலாம்.

உங்களுக்கு வந்தது ஃப்ளேர். படத்துக்கு வெளியே இருக்கும் வெயில் முன்கண்ணாடியில் விழுந்து வருவது அது, அதற்கு ஹூட் சரியான மருந்து. ஹாட் ஸ்பாட் படத்துக்குள் இருக்கும் ஒளியிலேயே உண்டாகிறது. இரண்டையும் பிரித்தறிவது எளிது: கேமராவை மெல்லத் திருப்புங்கள். ஃப்ளேர் இடம் மாறும், ஹாட் ஸ்பாட் நடுவை விட்டு நகராது.

ஆம்பூர்: சரி, வந்தாலும் மென்பொருளில் அழித்துவிடலாமே? பிறகு எதற்கு இவ்வளவு சோதனை?

லேசான ஹாட் ஸ்பாட்டை அழிக்கலாம். அதே அப்பெர்ச்சர், அதே ஃபோகஸில் எடுத்த சுவர்ப் படத்தால் உங்கள் படத்தை வகுத்தால் பெரும்பகுதி போய்விடும். கறுப்பு வெள்ளைக்கு இது ஓடும். நிறப் படத்தில் சிவப்பு, நீலச் சேனல்களில் வட்டத்தின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. திருத்திய பிறகும் நடுவில் ஒரு நிறத் திட்டு தங்கும். அதற்கும் நீங்கள் சுவர்ப் படம் எடுக்கத்தான் வேண்டும், அதாவது அதே சோதனை.

ஆம்பூர்: என் ஒற்றைக் கோட்டிங் 135 எம்எம்-இல் எஃப் 16 வரை சுத்தமாக வந்தது. அதுதான் என் ஆதாரம்.

உங்கள் 135 நல்ல லென்ஸ் என்பதற்கு அது ஆதாரம். எல்லாப் பழைய லென்ஸுக்கும் அதை நீட்டாதீர்கள். பக்கத்திலிருப்பவர் அதை நம்பிப் பணம் கொடுத்து வாங்குவார்.

திருப்பத்தூர்: 500 எம்எம் எஃப் 8 மிரர் லென்ஸ் அகச்சிவப்புக்கு ஆகுமா? காவலூர் தொலைநோக்கியும் கண்ணாடிதானே?

ஆகும். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் போலவே இதிலும் முக்கிய வேலை ஆடிக்கு. ஆடி எல்லா அலைநீளத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும் என்பதால் ஃபோகஸ் நகர்வு மிகக் குறைவு. அப்பெர்ச்சர் இதழே கிடையாது, அதனால் ஸ்டாப் குறைத்து ஹாட் ஸ்பாட்டை வரவழைக்கவும் வழியில்லை. குறைகள்: கான்ட்ராஸ்ட் தட்டை, பின்னணி ஒளிப் புள்ளிகள் வளையமாக வரும். ஃபோகஸ் வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் திரும்பும். அது பழுதில்லை, சூட்டில் குழாய் நீளுவதற்கு விட்ட இடம். அக்னி நட்சத்திர வெயிலில் ஏலகிரி உச்சியை எடுக்கும்போது முட்டும்வரை திருப்பிவிட்டு நம்பாதீர்கள், திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இதையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், சென்சார் கருகும்.

வாலாஜா: காவேரிப்பாக்கம் ஏரியில் 300 எம்எம் எஃப் 4.5 மேனுவல் லென்ஸ் வைத்துப் பறவை எடுக்கிறேன். பத்துக்கு ஒன்பது மங்கல்.

கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் 10 மீட்டரில் எஃப் 4.5-க்கு ஷார்ப்பாக நிற்கும் ஆழம் ஏறத்தாழ 20 செ.மீ. 5 மீட்டரில் வெறும் 5 செ.மீ.; அலகு ஷார்ப் என்றால் வால் போச்சு. ஃபோகஸ் பீக்கிங்கை (ஷார்ப்பான ஓரங்களைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதி) மட்டும் நம்பினால் அது முன்னால் நிற்கும் கோரைப்புல்லுக்குத்தான் வர்ணம் பூசும். திரையைப் பெரிதாக்கிப் பறவையின் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். வளையத்தை ஷார்ப் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கொண்டுபோய், திரும்பி வரும்போது தொடர்ந்து நாலைந்து படம் எடுங்கள்.

பறக்கும் பறவையைத் துரத்தாதீர்கள். அது வந்து போகும் இடத்தில், 30 மீட்டர் தள்ளி ஒரு பட்டுப்போன மரத்தில் ஃபோகஸை வைத்து எஃப் 8-இல் காத்திருங்கள். அங்கே 3 மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். ஷட்டர் 1/1000-க்குக் குறைய வேண்டாம். கேமராவுக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் மெனுவில் 300 என்று நீங்களே பதியுங்கள். மேனுவல் லென்ஸ் தன் ஃபோகல் நீளத்தைச் சொல்லாது. முன்பு வைத்த 50 அப்படியே இருந்தால் ஸ்டெபிலைசேஷன் போதாது, படம் ஆடிவிடும்.

மாற்றிய கேமராவில் பறவை எடுப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை, இலை அதைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. 1910-இல் ராபர்ட் உட் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டதிலிருந்து அதற்கு அவர் பெயர். வேலமரத்தில் உட்கார்ந்த கொக்கை எடுத்தால் வெள்ளையில் வெள்ளை, கொக்கைத் தேட வேண்டியிருக்கும். தண்ணீர் அகச்சிவப்பில் கறுப்பு. அதே கொக்கு ஆழமான நீரை ஒட்டி நிற்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். கரிய உடலும் அகச்சிவப்பில் வெளிறும். மலேசியாவில் கருஞ்சிறுத்தையின் புள்ளிகளைத் தானியங்கிக் கேமராவில் அகச்சிவப்பு ஃப்ளாஷ் வைத்துத்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

போளூர்: சென்சார் முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை வீட்டிலேயே கழற்றலாமா?

வேண்டாம். ஃப்ளாஷ் உள்ள கேமராவின் கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அது உடனே போகாது. கண்ணாடியின் தடிமன் மாறினால் டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸும் தவறும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆற்காடு: என் டாகுமார் 50 எஃப் 1.4 மஞ்சளாகிவிட்டது. ஓரத்தில் வலை மாதிரி பூஞ்சையும் இருக்கு.

மஞ்சள் தோரியம் கலந்த கண்ணாடியால் வந்தது. அது நீலத்தைத்தான் குறைக்கிறது, அகச்சிவப்புக்குப் பாதிப்பில்லை. நிறப் படத்துக்கு வேண்டுமானால் புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வையுங்கள். ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள்; லென்ஸ் சூரியனைக் குவித்துத் துணியில் தீ வைக்கும். பூஞ்சையைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், அதுவரை மற்ற லென்ஸ்களிலிருந்து தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கோடையில் காருக்குள் விடாதீர்கள், கிரீஸ் உருகி அப்பெர்ச்சர் இதழில் ஒட்டும்.

சோளிங்கர்: நிக்கான் டி3500-இல் எம்42 போட்டால் தூரத்தில் ஃபோகஸ் ஆகவில்லை, ஏன்?

முதல் பதில்.

பேரணாம்பட்டு: பெஸ்ட் லென்ஸ் எது என்று ஒரு வார்த்தையாவது சொல்லுங்களேன்.

சுவர்ச் சோதனை. கையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

அணைக்கட்டு: அமிர்தி காட்டுக்குள் கூட்டைப் படமெடுக்கப் போகலாமா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கூட்டை எந்தக் காட்டிலும் எடுக்காதீர்கள், தாய்ப்பறவை விட்டுப் போய்விடும்.

வந்தவாசி: மாற்றிய கேமராவில் படம் முழுக்கச் செங்கல் நிறம். நீல வானம் எப்படி வரவழைப்பது?

வெயிலில் இருக்கும் பச்சைப் புல்லைப் படமெடுத்து அதை வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வையுங்கள். சில மென்பொருள்களில் ராவைத் திறக்கும்போது ஒயிட் பேலன்ஸ் அளவுகோல் அவ்வளவு கீழே இறங்காது. அதற்கென ஒரு கேமரா ப்ரொஃபைல் செய்து வெப்ப அளவைக் குறைத்து வைக்க வேண்டும். பிறகு சேனல் மிக்சர்: சிவப்புச் சேனலில் சிவப்பு 0, நீலம் 100, நீலச் சேனலில் சிவப்பு 100, நீலம் 0. பச்சையைத் தொடாதீர்கள். 720 ஃபில்டரில் வானம் நீலமாகும். 850 ஃபில்டரில் நிறமே இருக்காது. அங்கே நேராகக் கறுப்பு வெள்ளைக்குப் போங்கள்.