பி.எஃப். விவரம், வேலை விளம்பரம்: எந்தத் தளத்தை எதற்கு நம்பலாம்?

கேள்வி: பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), கிராஜுவிட்டி (பணிக்கொடை) பற்றியெல்லாம் தமிழில் விளக்கும் ஓர் இணையதளத்தைத்தான் எங்கள் தொழிற்சாலையில் பலரும் திறந்து பார்க்கிறோம். அதிலேயே வேலை விளம்பரங்களும் வருகின்றன. அதில் இருப்பது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: தேதியிலிருந்து தொடங்குங்கள். மேலே இந்த வருடத் தேதியைப் போட்டுவிட்டு, உள்ளே பழைய சரக்கையே வைத்திருக்கும் பக்கங்கள் ஏராளம். அவற்றை எண்களே காட்டிக்கொடுத்துவிடும். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 1.75 சதவீதம், நிறுவனம் 4.75 சதவீதம் என்று இருந்தால் அது 2019 ஜூலைக்கு முன்பு எழுதியது. இப்போது 0.75, 3.25. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 15,000 என்றால் 2017க்கு முந்தையது. இன்றைய வரம்பு 21,000. கிராஜுவிட்டி உச்சவரம்பு 10 லட்சம் என்றால் 2018 மார்ச்சுக்கு முந்தையது. இன்று 20 லட்சம். முதல் இரண்டு பிரசவத்துக்கும் 12 வாரம்தான் விடுப்பு என்று சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம், அது 26 வாரமாகி வருடங்கள் ஆகின்றன.

இப்போது இன்னொரு கோடும் விழுந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை இவற்றுக்குள் சேர்த்துவிட்டார்கள். நமக்கு உடனடியாகப் படும் மாற்றங்கள் இரண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு கிராஜுவிட்டி பெற 5 வருடம் தேவையில்லை, ஒரு வருடம் போதும். அடுத்து, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் 'ஊதியம்' என்றே கணக்கில் சேர்க்க வேண்டும். "எல்லோருக்கும் 5 வருடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் பக்கத்துக்கு இந்த மாற்றம் தெரியவில்லை என்று பொருள்.

தேதி தேறினால் கணக்கைச் சோதியுங்கள். பெரும்பாலான தளங்கள் வழுக்குவது பி.எஃப்.பில்தான். "நீங்கள் 12 சதவீதம், நிறுவனம் 12 சதவீதம், இரண்டும் உங்கள் பி.எஃப்.பில் சேரும்" என்று எழுதுகிறார்கள். பாதிதான் சரி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 என்று வையுங்கள். முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடித்தால் உங்கள் பங்கு 2,160. நிறுவனமும் 2,160 கட்டும். ஆனால் நீங்கள் ஓய்வூதியத் திட்ட உறுப்பினர் என்றால், நிறுவனப் பங்கில் 8.33 சதவீதம், அதுவும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கிட்டு, ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அது 1,250. மீதி 910 மட்டுமே பி.எஃப்.பில் விழும். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்குக்குத் தனிப் பத்தி இருப்பது இதனால்தான். "நிறுவனம் என் பணத்தைக் குறைத்துக் கட்டுகிறது" என்று வரும் புகார்களில் பல, இந்தப் பிரிவினையைச் சொல்லாத பக்கத்தைப் படித்ததால் வருபவை. 910, 1,250 என்று பிரித்துக் காட்டும் தளத்தை நம்பி அடுத்த பக்கம் போகலாம்.

கிராஜுவிட்டிக்கும் இதே போல ஒரு சோதனை. கடைசியாக வாங்கிய அடிப்படையும் பஞ்சப்படியும், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் வேலை செய்த வருடங்கள். வகுக்கும் எண் 30 என்று போட்டிருந்தால் உங்களுக்கு நஷ்டக் கணக்கு. 18,000 ரூபாய்க்கு 10 வருடம் என்றால் 26ஆல் வகுத்து 1,03,846 வரும். 30ஆல் வகுத்தால் 90,000தான். நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதைக் குறிப்பிடும் தளம் உழைத்து எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தளத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். வேலை விளம்பரத்துக்கு நிறுவனத்திடம் பணம் வாங்குவது தவறில்லை. ஆனால் பி.எஃப். விளக்கத்துக்குக் கீழே "பணம் எடுத்துத் தருகிறோம், 10 சதவீதம் கமிஷன்" என்று வாட்ஸ்அப் எண் போட்டிருந்தால், மேலே உள்ள கட்டுரை அந்த எண்ணுக்கு ஆள் பிடிக்க எழுதியது. பி.எஃப். தளத்தில் நீங்களே விண்ணப்பிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கேள்வி: யு.ஏ.என். எண் (பி.எஃப். உறுப்பினர் எண்), பாஸ்வேர்டு, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. மூன்றையும் போட்டால் பி.எஃப். இருப்பைக் காட்டுவதாக ஒரு தளம் சொல்கிறது. பயன்படுத்தலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த மூன்றும் கையில் இருப்பவர் உங்கள் கணக்குக்குள் போய்விடுவார். உள்ளே போனால் வங்கிக் கணக்கை மாற்றவும் பணம் கேட்டு விண்ணப்பிக்கவும் முயலலாம்.

இருப்பை மட்டும் தெரிந்துகொள்ள இணையமே தேவையில்லை. யு.ஏ.என்.னில் பதிந்த மொபைலிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுங்கள். மணி இரண்டு முறை ஒலித்ததும் தானாகக் கட்டாகும், குறுஞ்செய்தி வரும். கட்டணம் இல்லை. யு.ஏ.என். ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும், ஆதார், பான், வங்கிக் கணக்கில் ஒன்றாவது இணைந்திருக்க வேண்டும். பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பழைய சிம்தான் இன்னும் பதிவில் இருப்பது. மாதவாரி வரவு வேண்டுமென்றால் அரசின் உமங் செயலியிலோ பி.எஃப். நிறுவனத்தின் பாஸ்புக் பக்கத்திலோ பார்க்கலாம். புதிதாகப் பதிவு செய்தவர்கள் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பாஸ்புக்கைப் பார்க்க முடியும்.

அரசுத் தளமா என்று அறிய, முகவரியில் தொடக்கத்து 'https://' போக வரும் முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள கடைசிப் பகுதியைப் பாருங்கள். அங்கே 'ஜிஓவி டாட் இன்' இருக்க வேண்டும். அந்த எழுத்துகள் நடுவில் இருந்து, கடைசியில் 'டாட் காம்' என்றோ 'டாட் ஆன்லைன்' என்றோ முடிந்தால் அது அரசுத் தளமல்ல.

ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கே.ஒய்.சி. பகுதியில் வங்கிக் கணக்கு எண்ணையும், நாமினி பெயரையும், நிலுவையில் நீங்கள் போடாத விண்ணப்பம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் விண்ணப்பித்தேன். பெரிய நிறுவனத்தின் பெயரில் தேர்வுக் கடிதம் வந்தது. 'திருப்பித் தரப்படும் டெபாசிட்' என்று 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கட்டாதீர்கள். ஆள் எடுக்கும் செலவு நிறுவனத்தின் செலவு. லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு, எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் இதுதான். முதலில் 1,500 என்பார்கள். கட்டியதும் அடுத்த காரணம் வரும், தொகையும் ஏறும்.

கடிதம் உண்மையா என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அனுப்பிய மின்னஞ்சலில் '@' குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் சொந்த முகவரிதானா? ஓர் எழுத்து மாறியிருந்தாலும், ஜிமெயிலாக இருந்தாலும் சந்தேகம்தான். அந்த வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வேலைவாய்ப்புப் பகுதியில் இருக்கிறதா? கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல் நீங்களே முகவரியைத் தட்டி உள்ளே போங்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்பதும் பயனில்லை, மோசடி ஆளே எடுத்துப் பேசுவார்.

பெயர் தெரியாத சின்ன நிறுவனம் என்றால் வேறு வழி. பதிவு பெற்ற கம்பெனிக்கு 21 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.ஐ.என். என்ற அடையாள எண் உண்டு. கடிதத்தில் அதைக் கேளுங்கள். அதற்குள்ளேயே மாநிலக் குறியீடும் பதிவான ஆண்டும் இருக்கும். "25 வருட அனுபவம்" என்று சொல்லும் கம்பெனியின் எண்ணில் 2024 என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

எங்கள் பார்வையில் இதைவிட நல்ல சோதனை பி.எஃப். தளத்தில் இருக்கிறது, ஆனால் வேலை தேடுபவர்கள் அதைத் திறப்பதே இல்லை. அங்கே 'எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்' பகுதியில் லாகின் இல்லாமலே நிறுவனத்தின் பெயரைத் தேடலாம். எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள், எந்தத் தேதியில் கட்டினார்கள் என்று வரும். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆறு மாதமாக 300 பேருக்குக் கட்டிவந்த இடத்தில் திடீரென்று 90 ஆகக் குறைந்திருந்தாலோ, பணம் மூன்று மாதம் தள்ளித் தள்ளி வந்திருந்தாலோ, அந்த நிறுவனம் உண்மையானதுதான், ஆனால் நிலைமை சரியில்லை என்று புரிந்துகொள்ளலாம். 20 பேருக்குக் குறைவான இடங்களுக்கு பி.எஃப். கட்டாயமில்லை என்பதால், பெயர் இல்லாததை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்டாதீர்கள்.

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும், தமிழக அரசின் தனியார்துறை வேலைவாய்ப்புத் தளமும் கட்டணம் வாங்குவதில்லை. ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நாள் பார்க்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் முடக்க அவகாசம் சில மணி நேரமே இருக்கும்.

கேள்வி: ஆண்டுக்கு 4.2 லட்சம் சி.டி.சி. என்று சேர்ந்தேன். ஓர் இணைய கால்குலேட்டர் கைக்கு 34,800 வரும் என்றது. வந்தது 28,000க்கும் குறைவு. யார் தவறு?
– வாசகி, கோவை

பதில்: கால்குலேட்டரின் தவறு. அது 4.2 லட்சத்தைப் 12ஆல் வகுத்து, 35,000த்திலிருந்து தொழில் வரி 200 ரூபாயை மட்டும் கழித்திருக்கிறது. சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 17,500 என்றால், நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 2,100 அதற்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டி ஒதுக்கீடு 4.81 சதவீதம், 842. (15ஐ 26ஆல் வகுத்து, மறுபடி 12ஆல் வகுத்தால் இந்த 4.81 வரும்.) வருட முடிவில் தரும் ஊக்கத்தொகை 24,000 என்று வைத்தால் மாதத்துக்கு 2,000 கையில் வராது. மீதி 30,058. அதில் உங்கள் பி.எஃப். பங்கு 2,100 போனால் 27,958.

தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 1,250. மாதம் 200 என்று கழிக்கும் கால்குலேட்டர் வேறு மாநிலத்துக்குச் செய்தது. சம்பளம் பேசும்போது சி.டி.சி.யை விட்டுவிட்டு, "மாதம் வங்கியில் எவ்வளவு விழும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் சம்பளம் 22,500 ஆனது. இ.எஸ்.ஐ. அன்றே நின்றுவிடும் என்று ஒரு தளத்தில் படித்தேன். ஆனால் இன்னும் பிடிக்கிறார்கள்.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: பிடிப்பதுதான் சரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடிக்க வேண்டும். இது உங்களுக்கு லாபம். செப்டம்பர் வரை கட்டியதில் 78 நாள் சந்தா இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை கேட்க முடியும்.

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஏஜென்ட் தளம் சொல்கிறது. நம்பலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: போகாதீர்கள். 2022இல் இதே போல் தாய்லாந்து ஐ.டி. வேலை என்று புறப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மீட்டுவர அரசுகள் தலையிட வேண்டியிருந்தது. வேலைக்குச் சுற்றுலா விசா என்ற சொல்லே போதும், பேச்சை முறித்துக்கொள்ள.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது வரும். மூன்றும் ஏஜென்ட்டின் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொருவர் உரிமத்தைக் காட்டும் 'சப்-ஏஜென்ட்' சட்டப்படி செல்லாது. சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சம், ரசீது கொடுக்க வேண்டும். தமிழக அரசே 1978 முதல் நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அதன் தளத்தில் வரும் அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.