வாசலில் நிறுத்திப் பொருள் தருவது குற்றம்தான்

பட்டியல் சாதியினரான உங்கள் தெருவினரை மட்டும் மளிகைக் கடை வாசலிலேயே நிறுத்திப் பொருள் தருகிறார்கள், இது குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. தெரிந்தவருக்குக் கடன் கொடுப்பது கடைக்காரர் விருப்பம், அதை விடுங்கள். சாதி பார்த்து வெளியே நிறுத்துவது வேறு. சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களில் கடைகளையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கு இப்படி நடந்தால் காரணம் தீண்டாமைதான் என்றே நீதிமன்றம் கொள்ளும்; இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். 2022இல் தென்காசி மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரைக் கைதே செய்தார்கள். தேதி, நேரம், உடன் நின்றவர்கள் பெயர் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். ரசீது வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.