டைம்ஷேரில் தினமும் துப்புரவாக்கத் தனிக் காசா?

வணக்கம் தங்கச்சி. கனடா மாமாவின் டைம்ஷேர் வாரத்தில், அதாவது பலர் பங்குபோட்டு வாங்கிய விடுதி வீட்டில் அவருக்குரிய கிழமையில், அமெரிக்காவின் ஒர்லாண்டோ போகிறீர்கள். தினமும் அறை துப்புரவாக்கத் தனிக் காசு என்கிறார்கள், இது ஏமாற்றா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றில்லை. மாமா வருடாவருடம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் பெரும்பாலும் நீங்கள் வெளிக்கிட்ட பிறகு செய்யும் முழுத் துப்புரவுதான் அடங்கும். சில இடங்களில் கிழமை நடுவில் ஒருமுறை குப்பை எடுத்துத் துவாய் மாற்றுவார்கள். அதற்கு மேல் கூப்பிட்டால் காசுதான்.

குசினி, உடுப்புத் தோய்க்கும் மெஷின் எல்லாம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். நாங்கள் போனபோது அம்மா இரவில் துவாய்களை மெஷினில் போட்டுவிட்டுத்தான் படுத்தார், நல்லூர் வீட்டில் இருப்பது மாதிரியே.

நீங்கள் கவனிக்க வேண்டியது ரிசார்ட் கட்டணமும் (விடுதி வசதிகளுக்கென்று தனியாக எடுக்கும் காசு) பார்க்கிங் காசும். கடனட்டையைக் கொடுக்க முன்னமே இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், மாமா பாயின்ட் முறையில் (குறித்த கிழமைக்குப் பதிலாகப் புள்ளிகளைக் கொடுத்துத் தங்குவது) எடுத்திருந்தால், துப்புரவுக்கென்று அவர் கணக்கில் இருக்கும் கிரெடிட் மிச்சம் இருக்கிறதா என்று இன்றே அவரிடம் கதையுங்கள்.