கடல் மீனைத் தொட்டிக்குப் பழக்க எத்தனை மணி நேரம் சொட்டுநீர் விட வேண்டும்?

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மதுரையில் 200 லிட்டர் தொட்டி வைத்து, ஆறு வாரம் மீன் விடாமல் ஓட்டியிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து இரண்டு கோமாளி மீன்கள் இரவு பஸ்ஸில் வரப்போகின்றன. வந்ததும் எத்தனை மணி நேரம் சொட்டுநீர் விட்டு, அதாவது மீன் வந்த தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பழக்க வேண்டும், ஒருவர் அரை மணி என்கிறார், இன்னொருவர் மூன்று மணி என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். "ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினால் வேலை முடிந்தது" என்று சேர்த்திருக்கிறீர்கள். நான் கீழக்கரைக்காரன். மொண்டுதான் ஊற்றினேன். நான்கு மீன்கள் செத்தன.

என் வாப்பா முப்பது வருடம் தென்கடலில் சங்கு குளித்தவர். 2017இல் மகளுக்காகத் தொட்டி வைத்தபோது, கரையோரத் தண்ணீர் ஆகாது, கலங்கலும் சாக்கடையும் சேர்ந்திருக்கும் என்று அவரே வல்லத்தில் தூரப் போய் கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நானும் அவசரப்படவில்லை. கழிவின் நஞ்சை முறிக்கிற பாக்டீரியா வளர்வதற்காக ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியா ஏறி, நைட்ரைட்டாக மாறி, அதுவும் அடங்கும் வரை காத்திருந்தேன். அவசரக்காரன், அதனால்தான் மீன் செத்தது என்று யாராவது எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு வேறு. சித்திரை வெயிலில் தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் குறைந்தது. கடல் தண்ணீர்தானே குறைகிறது என்று கடல் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடும். ஐந்து வாரம் இப்படி ஊற்றியிருக்கிறேன்.

சென்னைக் கடை ஒன்றிலிருந்து இரண்டு மீன்கள் வந்தன. கடைக்காரர் சொன்னபடி பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டேன். பையும் தொட்டியும் ஒரே சூட்டுக்கு வந்தன. பிறகு வலையில் பிடித்து விட்டேன். ஒரு மணி நேரம் வரை நன்றாகத்தான் நீந்தின. சாயங்காலம் இரண்டும் மணலில் சாய்ந்து கிடந்தன, செவுள் மட்டும் படபடவென்று அடித்தது. சுபுஹு தொழுகைக்கு எழுந்து பார்த்தபோது உயிர் இல்லை.

வாப்பா எதுவும் சொல்லாமல் வந்து, வாளியில் மிச்சமிருந்த பைத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அடுத்து தொட்டித் தண்ணீர். "பையில் இருக்கிறது கார்த்திகைத் தண்ணீர் வாப்பா. உன் தொட்டியில் இருக்கிறது சித்திரைத் தண்ணீரை விட மோசம்" என்றார். (எங்கள் ஊரில் மகனையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.) வாடைக்காற்றுக் காலத்தில் மழையும் வடக்கேயிருந்து இறங்கும் தண்ணீரும் கலந்து எங்கள் கடலில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். கடலுக்குள் வருடக் கணக்கில் இறங்கியவர் நாக்குக்கு அது தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. ஹைட்ரோமீட்டர் (தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் கருவி, உப்பு கூடினால் எண் கூடும்) வாங்கி வைத்துப் பார்த்தபோது தொட்டியில் 1.029, பைத் தண்ணீரில் 1.018. இயல்பான கடல் தண்ணீர் 1.025, 1.026 இருக்கும்.

இந்த வித்தியாசம் மீனுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடல் மீனின் உடம்பில் இருப்பதை விட வெளியே உப்பு அதிகம். அதனால் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் எந்நேரமும் செவுள் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஈடுகட்ட அது கடல் தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. திடீரென்று உப்பு கூடிய தண்ணீரில் விட்டால் போகிற தண்ணீருக்கு ஈடாகக் குடித்து வெளியேற்ற முடிவதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்க, மீன் வறண்டு சாகிறது. உப்பு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போவதை அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மறுபக்கம்தான் ஆபத்து.

கடைக்காரர் மேல் ஒரு வருத்தம் உண்டு. ஒட்டுண்ணி குறையும் என்றோ உப்புச் செலவு மிச்சம் என்றோ பல கடைகளில் அடர்த்தியைக் குறைத்து வைப்பார்கள். அது அவர்கள் தொழில். ஆனால் புதிதாக வாங்குகிறவனிடம் 1.018 என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை ஆடி மாதம். இப்போது தொட்டியை 1.025க்குக் கொண்டுவந்துவிட்டேன். எல்லோரும் சொல்கிற சொட்டுநீர் முறையைப் பிடித்துக்கொண்டேன். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டிரிப்ஸ் குழாய் வாங்கினேன். அதில் உள்ள சிறு சக்கரத்தை உருட்டினால் சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். மீன் இருந்த பையை வாளியில் அவிழ்த்துக் கொட்டி, தொட்டியிலிருந்து வினாடிக்கு இரண்டு சொட்டு. என் மகள் வாளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எழுதிக்கொண்டே இருந்தாள். 118, 121, 119. மூன்று மணி நேரம் என்பது திட்டம். இரண்டாவது மணி முடியும் முன்பே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. வாளியிலேயே செத்துவிட்டன. அந்தப் பக்கத்தில் 64ஆவது நிமிடத்துக்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு பல நாள் அவள் அந்தத் தொட்டி இருக்கும் அறைக்கே வரவில்லை.

இந்த முறை ஏன்? கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள எனக்கு மாதங்கள் ஆயின, நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் மாலை ஐந்து மணிக்குக் கட்டிய பையை மறுநாள் காலை எட்டு மணிக்கு அவிழ்த்தேன், பதினைந்து மணி நேரம். அத்தனை நேரமும் மீன் அதற்குள்ளேயே கழிவை விடுகிறது, அம்மோனியா சேர்கிறது. கூடவே அது மூச்சுவிடுகிற கார்பன் டை ஆக்சைடும் சேர்வதால் பைத் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கிவிடும். பிஎச் இறங்கிய தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். மீன் அதனால்தான் பிழைத்து வருகிறது. பையை அவிழ்த்ததும் அந்த வாயு வெளியேறிவிடுகிறது. பிஎச் 8.2 உள்ள தொட்டித் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பிஎச் ஏற ஏற நஞ்சான அம்மோனியாவின் பங்கு கூடிச் செவுளை அரிக்கிறது. பழக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் அவற்றை இரண்டு மணி நேரம் நஞ்சில் வைத்திருந்தேன்.

"நான் எப்போதும் மூன்று மணி சொட்டுவிடுகிறேன், என் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வார்கள். ஆகாமல் இருந்திருக்கலாம். பக்கத்துத் தெருக் கடையில் வாங்கி, பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பையில் அம்மோனியா சேர நேரமில்லை. அதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் சொட்டுவிடுவது நல்ல முறைதான். நான் ஆராய்ச்சியாளன் இல்லை, மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இராப் பயணம் செய்து வந்த மீனுக்கு அதே முறையைச் சொல்லாதீர்கள்.

2018 பங்குனியில் மூன்றாவது முறை. வேறு கடை. முதலில் போன் போட்டு உங்கள் தொட்டியில் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டேன். 1.019 என்றார். முந்தின நாளே 40 லிட்டர் தொட்டி ஒன்றில் 1.019க்குத் தண்ணீர் கலந்து, பெரிய தொட்டியில் ஒரு மாதம் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதில் போட்டு வைத்தேன். மீன் வந்ததும் பையை அவிழ்க்காமல் அதில் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். பிறகு பையை அவிழ்த்து, பைத் தண்ணீரை ஹைட்ரோமீட்டரில் பார்த்து, ஒரே அளவு என்று தெரிந்ததும் மீனை மட்டும் எடுத்துச் சின்னத் தொட்டியில் விட்டேன். அவிழ்த்ததிலிருந்து மூன்று நிமிடம் இருக்கும். பைத் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. மறுநாளிலிருந்து தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் பெரிய தொட்டித் தண்ணீரை விட்டு, நாளைக்கு 0.001 அளவுக்கு ஏற்றினேன். வெள்ளைப்புள்ளி நோய் ஏதும் வருகிறதா என்று ஒரு மாதம் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினேன். இரண்டும் இன்றும் இருக்கின்றன.

தண்ணீர் குறைந்தால் இப்போது ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் கரிக்கும், அது உதவாது. கேன் தண்ணீர் வாங்கி மீன் தொட்டியில் ஊற்றுகிறான் என்று தெருவில் பேசினார்கள். குடிக்கிற தண்ணீரையே காசு கொடுத்து வாங்குகிற ஊரில் அப்படிப் பேசினால் நான் கோபப்பட மாட்டேன். வெளியூர்க்காரர்கள் பேச்சுத்தான் என்னைச் சுடுகிறது. ஒரு அலுவலரை மிரட்ட வேண்டும் என்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார்கள். அந்தக் காடு நாங்கள் இருக்கிற ஊர். வைகை வந்து சேர்வது எங்கள் பெரிய கண்மாய்க்குத்தான். மேலே எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு. எங்கள் பிள்ளைகள் குடத்தோடு நிற்பதைப் பார்த்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் உங்கள் கடைசி வரியும் அதே வகைப் பேச்சு என்பதால் சொன்னேன்.

இன்னொன்று, கல் உப்பைக் கரைத்துக் கடல் தண்ணீர் செய்ய நினைக்காதீர்கள். வாலிநோக்கம் உப்பளம் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன். பாத்தியில் உப்பு விளைந்ததும் அதை வாரிவிட்டு, மிஞ்சுகிற கசப்பு நீரை விட்டுவிடுவார்கள். மக்னீசியம் பெரும்பாலும் அந்த நீரோடு போய்விடும். உங்களுக்கு வேண்டியது மீன் தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்புக் கலவை. எங்களைப் போன்றவர்களிடம் பவளப்பாறைத் துண்டோ கடல் குதிரையோ கேட்டு யாரும் போன் செய்யவும் வேண்டாம். 2001இல் இரண்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாத உயிர்களின் பட்டியலில், சேர்த்தார்கள். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எங்கள் மாவட்டத்து மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் செய்துகாட்டியிருக்கிறார்கள். வளர்ப்பு மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் மீன்கள் இராப் பயணம் வருகின்றன, அதனால் சொட்டுநீர் வேண்டாம். இன்றே கடைக்குப் போன் செய்து அடர்த்தியைக் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் 1.020இல் ஒரு சின்னத் தொட்டியைத் தயாராக வையுங்கள், பை வந்ததும் ஹைட்ரோமீட்டரில் பார்த்து அந்த அளவுக்குத் திருத்துங்கள். பக்கத்தில் கொஞ்சம் ஆர்ஓ தண்ணீரும் கொஞ்சம் உப்புத் தண்ணீரும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. மீனை விட்டதும் விளக்கை அணைத்துவிடுங்கள். அன்று தீனி போட வேண்டாம், மறுநாள் காலையில் ஒரு சிட்டிகை போதும்.