நிரல் எழுதத் தெரியாதவர் ஆல்பா நிலையில், அதாவது முதற்கட்டச் சோதனையில், இருக்கும் லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குப் பங்களிக்க முடியுமா?

தாராளமாக. இந்தக் கட்டத்தில் பொறுமையாகப் பிழை சொல்பவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. அன்றாட வேலைக்கான கணினியில் மட்டும் போடாதீர்கள். தனி பார்ட்டிஷன் (வட்டில் தனியாக ஒதுக்கிய பகுதி) நல்லது. விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கிராபிக்ஸ் டிரைவர் சிக்கல்கள் பெரும்பாலும் தெரியாது.

"பேனல் (திரை ஓரத்துப் பட்டை) வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. "இரண்டாவது மானிட்டரை 150 சதவீத அளவில் வைத்துக் கேபிளைக் கழற்றினேன், பேனல் மறைந்தது, திரும்பச் செருகியும் வரவில்லை" என்று எழுதினால் டெவலப்பர் அதையே செய்துபார்க்கலாம். கூடவே பதிப்பு எண், கிராபிக்ஸ் கார்டு, திரையில் காட்டும் அமைப்பு வேலண்டா எக்ஸ்11-ஆ என்பது, ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை காட்டும் கணினிப் பதிவு ஆகியவற்றையும் கொடுங்கள். (அதில் உங்கள் பயனர்பெயர் இருக்கலாம், இருந்தால் நீக்கிவிடுங்கள்.) அதே பிழையை வேறொருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அங்கேயே உங்கள் விவரத்தைச் சேருங்கள்.

அப்புறம், தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள். ஆங்கிலம் மட்டும் அடிப்பவர் கண்ணில் உள்ளீட்டுமுறைப் பிழைகள் படவே படாது.