விட்டது விட்டதுதான்: டிரையத்லான் கேள்வி-பதில்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். புது சீசனுக்குப் பயிற்சி அட்டவணை போடும் நேரம் வந்தாலே கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதி, எங்கெங்கோ தொடங்கி ‘நேரம் இல்லை’ என்ற இடத்தில் வந்து நிற்கின்றன. கைக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கே: வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அரை அயர்ன்மேன் (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21 கி.மீ. ஓட்டம்) முடிக்கலாமா?

முடிக்கலாம், வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் வாரம் இரண்டு முறை. ஒரு சைக்கிள் பயிற்சி மட்டும் இரண்டு மணி நேரம், மற்ற ஐந்தும் முக்கால் மணி அளவில். கடைசி எட்டு வாரங்களில் அந்த நீண்ட சைக்கிள் பயிற்சியை மூன்று மணி நேரம் வரை நீட்டுங்கள், ஆறு மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்க மற்ற ஐந்தில் ஒன்றை விட்டுவிடுங்கள். 90 கி.மீ. சைக்கிள் மிதித்துவிட்டு 21 கி.மீ. ஓட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இதற்கு முன் ஒலிம்பிக் தூரம்கூட முடித்ததில்லை என்றால், இந்த வருடம் அதுவே போதும்: 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். கூடுதல் நேரத்துக்காகத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள்.

கே: நன்றாக ஓடுவேன். டிரையத்லானை எவ்வளவு நேரத்தில் முடிப்பேன்?

எந்தத் தூரம்? நீந்தத் தெரியுமா? ‘நன்றாக’ என்றால் 10 கி.மீ.க்கு எத்தனை நிமிடம்? ஒலிம்பிக் தூரத்தில் பாதியான ஸ்பிரின்ட்டுக்கும், அரை அயர்ன்மேனைப் போல இரு மடங்கான முழு அயர்ன்மேனுக்கும் நடுவே ஒரு பகல் பொழுதே ஓடிவிடும். எண்களோடு மறுபடி எழுதுங்கள்.

கே: கடிகாரம் காட்டும் ஸோன் 2-ல் ஓடினால் கிட்டத்தட்ட நடக்க வேண்டியிருக்கிறது. கடுப்பாக இருக்கிறது.

ஸோன் 2 என்பது இதயத் துடிப்பை வைத்துப் பிரிக்கும் லேசான உழைப்பு நிலை. உங்களுடையது, 220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைக் கணக்கிட்டுக் கடிகாரம் தானாகப் போட்ட ஸோனாக இருக்கும். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து துடிப்பு தவறலாம். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் ஸோன் 2. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அப்புறமும் நடக்கத்தான் வேண்டியிருந்தால் நடங்கள். நடையும் ஓட்டமுமாகச் சில மாதம் போனால் சரியாகும்.

கே: வேலைப்பளுவால் செவ்வாய், வியாழன் பயிற்சிகள் அடிக்கடி விட்டுப்போகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். சரிதானே?

சரியில்லை. இதை எத்தனை தடவைதான் எழுதுவது! பயிற்சி என்ன கடன் தவணையா, பாக்கியை வட்டியோடு ஞாயிற்றுக்கிழமை கட்டி முடிக்க? ஓடி முடித்து, சாப்பிட்டு, தூங்கும்போதுதான் உடம்பு தேறுகிறது. ஒரே நாளில் ஐந்து மணி நேரத்தைக் கொட்டினால், அதிலிருந்து மீள மூன்று நாலு நாளாகும். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி மறுபடி ஏன் விட்டுப்போகிறது என்று நினைக்கிறீர்கள்? வேலைப்பளு பாதிக் காரணம், ஞாயிற்றுக்கிழமை மீதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதயமும் மூச்சுத்திறனும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ஒத்துழைக்கிறதே என்று நீங்கள் ஓட ஓட, கால் எலும்பு பின்தங்கி நிற்கும்.

நானும் இந்த ஆட்டம் ஆடியவன்தான். ஒரு வாரம் மூன்று பயிற்சிகள் போய்விட்டன. ஞாயிறன்று 90 கி.மீ. சைக்கிள், இறங்கியதும் 16 கி.மீ. ஓட்டம், சாயங்காலம் நீச்சல். அதற்கு முந்தைய பல ஞாயிறுகளும் ஏறக்குறைய அப்படித்தான். படுக்கும்போது ஒரே பெருமை. செவ்வாயன்று மாடிப்படி இறங்கும்போது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில், விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்றது. பக்கத்தில் அழுத்தினால் ஒன்றுமில்லை, அந்த இடத்தில் அழுத்தினால் உயிர் போனது. மயிரிழை விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. அந்த சீசனின் முதல் போட்டியில் ஓரமாக நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர்க் கோப்பை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, விட்டது விட்டதுதான். வார ஆரம்பத்திலேயே எது முக்கியமான பயிற்சி என்று ஒன்றைக் குறித்து வையுங்கள். அது தவறினால் மட்டும் அடுத்த நாளுக்கு நகர்த்துங்கள். மற்றவை தவறினால் அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கிடைக்காமல் அரை மணி நேரம்தான் கிடைத்ததா? அரை மணி நேரம் ஓடுங்கள். ஆனால் பத்து நிமிட வார்ம்-அப்பை வெட்டாமல், நடுவில் உள்ள வேகச் சுற்றுகளைக் குறையுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் பாதிக்கு மேல் தவறினால் அட்டவணைதான் தப்பு, அதைச் சுருக்குங்கள். உங்களுக்கும் அதே எச்சரிக்கை: விட்டதைப் பிடிக்கிறேன் என்று தூக்கத்தைத் திருடாதீர்கள்.

கே: சைக்கிளிலிருந்து இறங்கி ஓடினால் கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

எல்லாருக்கும் அப்படித்தான். வாரம் ஒருமுறை, சைக்கிள் பயிற்சி முடிந்த கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுங்கள். சைக்கிளையும் ஓட்டத்தையும் இப்படி அடுத்தடுத்துச் செய்யும் ‘பிரிக்’ பயிற்சிக்கு அது போதும். கடைசி இரண்டு கி.மீ. லேசான கியரில் வேகமாக மிதித்துவிட்டு இறங்குங்கள்.

கே: நீச்சல் குளத்தில் 2 கி.மீ. நிற்காமல் நீந்துகிறேன். ஏரியில் 100 மீட்டரிலேயே மூச்சு முட்டுகிறது.

பதற்றத்தில் மூச்சை வெளியே விட மறந்திருப்பீர்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி விட்டுக்கொண்டிருங்கள். இறங்கியதும் பாயாமல், முகத்தை நனைத்து இரண்டு மூன்று நிமிடம் மிதந்து பழகுங்கள். ஆறு முதல் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை, கண் அளவுக்கு மட்டும் தலையை உயர்த்தித் திசை பாருங்கள். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும். கரையேறிய பிறகும் மூச்சுத் திணறினாலோ, இருமலில் நுரையோ ரத்தமோ வந்தாலோ, பதற்றம் என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். ஏரியில் தனியாக மட்டும் இறங்காதீர்கள், எவ்வளவு நன்றாக நீந்துபவராக இருந்தாலும்.

கே: காய்ச்சலோடு லேசாக ஓடலாமா? வியர்த்தால் விட்டுவிடும் என்கிறார்களே.

கூடாது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசை வரை வீக்கம் போகலாம். ஒரு வாரம் ஓடாவிட்டால் சீசன் போய்விடாது.

கே: ஹெல்மெட் பட்டியை மாட்டும் முன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்ததற்கு அபராதம் போட்டார்கள். நியாயமா?

நியாயம்தான். விதிமுறையைப் படித்துவிட்டுப் போங்கள்.

கே: காலையில் ஒரு மணி நேரம்தான் பயிற்சி. அதற்கே வீட்டில் சண்டை வருகிறது.

ஒரு மணி நேரம் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். உடை மாற்றுவது, டயருக்குக் காற்றடிப்பது, போய்வருவது, குளிப்பது, அப்புறம் சோபாவில் கால் நீட்டிப் படுத்துக் கடிகாரத் தரவைப் பார்ப்பது, எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டார் அதைத்தான் கணக்கு வைக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தையே வீட்டு நாள்காட்டியில் எழுதுங்கள். போட்டித் தேதிகளையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதுங்கள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதை முழுக்க வீட்டுக்கு விட்டுக்கொடுங்கள், அந்த நாளில் ‘லேசாக ஒரு ஓட்டம்’ என்று நழுவக் கூடாது.

கே: போட்டியன்று புது ஷூ போட்டு ஓடலாமா? வாங்கிவிட்டேன்.

பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.