சுங்கை சிப்புட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

கேள்வி: கிள்ளானிலிருந்து மாற்றலாகிப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பள்ளிக்கு வந்திருக்கும் ஆசிரியை நான். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே முட்டிவலிக்கார மாமியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஈப்போ பேரங்காடிதான் கதி என்று ஆகிவிட்டது. அதிகச் செலவில்லாமல் வெளியே காற்று வாங்கப் போய்வர இங்கே என்ன இருக்கிறது?

பதில்:

டீச்சர், நான் இந்த ஊர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறேன். வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிய அதே வேனில் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி வீட்டில் உத்தரவு வரும், அதனால் சுற்றுவட்டாரம் ஓரளவு அத்துப்படி. இங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நேரம்தான் முக்கியம். ஏழரைக்குக் கிளம்புங்கள், பன்னிரண்டுக்குள் திரும்பிவிடுங்கள். நம் ஆட்கள் பதினொரு மணிக்குச் சோறு கட்டி, இரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் பாய் விரிப்பார்கள், நாலு மணிக்கு மழை பிடித்துக்கொள்ளும், பிறகு "இங்கே போக ஒன்றுமே இல்லை" என்று குறை சொல்வார்கள்.

பிள்ளைகள் முதலில் கேட்பது தண்ணீராகத்தான் இருக்கும். ஈப்போ போகும் வழியில் செம்மோர் பக்கம் உலு செப்போர் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறு, பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ள இடங்கள் உண்டு, ஆறு வயதுப் பிள்ளைக்கு அது போதும். காலையில் போனால் ஆற்றில் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு அருவிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் பளிச்சென்று வெயில், மலை உச்சி மட்டும் கருத்துக் கிடந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. திடீரென்று தண்ணீரில் காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் தே தாரேக் பால்டீ நிறத்துக்கு மாறியது. கரையில் உட்கார்ந்திருந்த ஒராங் அஸ்லி (பூர்வகுடி) பெரியவர் ஒருவர் எழுந்து "நாயிக்! நாயிக்!" என்று கத்தினார். மேலே ஏறச் சொல்கிறார் என்று புரிந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினோம், அவ்வளவுதான், நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. கோழிக்கறிச் சட்டி ஆற்றோடு போனதை என் கொழுந்தியாள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள், சட்டியோடு போயிற்றே என்று நான் நினைத்துக்கொள்வேன். மலையிலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் இந்த வெள்ளத்தைத்தான் இங்கே கெபாலா ஆயேர் என்பார்கள். நாம் குளிக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை, மேலே மலையில் பெய்தாலே போதும். தண்ணீர் கலங்கினாலோ, குப்பை கூளம் வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, பாத்திரத்தைத் தேடாமல் பிள்ளையின் கையைப் பிடியுங்கள். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் நம் பக்கம் மதிய மழை அதிகம். அந்த மாதங்களில் நான் அருவிப் பக்கமே போவதில்லை.

ஈயக்குட்டைகளும் அப்படித்தான். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளீயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள், பார்க்க ஏரி மாதிரி அமைதியாக இருக்கும். கரை மணல் சரியும், இரண்டு எட்டு வைத்தால் ஆள் முழுகும் ஆழம். ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி, இறங்க வேண்டாம்.

மாமியாரையும் கூட்டிப்போக எனக்குப் பிடித்த இடம் காராய் பக்கம் பேராக் ஆற்றின் மேல் இருக்கும் விக்டோரியா பாலம். கோலகங்சார் போகும் பாதையில், நம் ஊரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. 1900-ல் திறந்த ரயில் பாலம், செங்கல் தூண்கள், மேலே இரும்புச் சட்டம். ஈயம் ஏற்றிப் போவதற்காகக் கட்டியது. இப்போது பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டதால் இதில் ரயில் ஓடுவதில்லை. ஓரத்து நடைபாதையில் நடந்தே அக்கரைக்குப் போகலாம், மோட்டார் சைக்கிள் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். மாமியார் கரையில் நிழலில் உட்காரட்டும், பிள்ளைகள் பாலத்தில் நடுவரைக்கும் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வரட்டும். அப்படியே கோலகங்சார் போனால் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் ஒரு கிழட்டுப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், நிற்கிறது, 1877-ல் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. சும்மா ஒரு மரம்தான், வேலி போட்டிருக்கிறார்கள், படம் எடுக்கக்கூட அழகில்லை. ஆனால் விடியுமுன்னே எழுந்து பால் வெட்டப் போன என் அப்பாவை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனேன், தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஆழமா வெட்டியிருக்கானுங்க" என்று பட்டையைப் பற்றித்தான் பேசினார்.

ஈப்போவுக்குள்ளேயே என்றால் டி.ஆர். பூங்கா. வெறும் டி.ஆர். என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. டி.ஆர். சீனிவாசகம், மக்கள் முற்போக்குக் கட்சியைத் தம் அண்ணனோடு சேர்ந்து கட்டியவர், வழக்கறிஞர், ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர், 1969-ல் காலமானார். பழைய மரங்கள், குளம், சமதரை, முட்டிவலிக்காரர்கள் மெதுவாக நடக்க இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. பொலோ திடலும் நல்லதுதான், ஆனால் அங்கே எல்லோரும் ஓடுவார்கள், நாம் நடந்தால் இடைஞ்சலாக நிற்பதுபோல் எனக்கு ஒரு கூச்சம்.

கிளேடாங் மலை உங்களுக்கு மட்டும், ஒரு நாள் பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு. மெங்லெம்பு பக்கம் அடிவாரம். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருப்பதால் தார்ச்சாலையே மேல்வரைக்கும் போகிறது, உயரம் ஏறக்குறைய 800 மீட்டர். தார்ச்சாலைதானே என்று நான் முதல் தடவை சப்பாத்தோடு போனேன், மூச்சு வாங்கி நின்ற இடத்தில் எழுபது வயதுச் சீனத் தாத்தா ஒருவர் கையில் குச்சியோடு என்னைத் தாண்டிப்போய், நான் பாதி ஏறும்போது திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார். பாதிவரை போய்த் திரும்பினாலும் கணக்குத்தான். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குக்கு அது சாப்பாட்டுப் பை.

கோர்பு மலைக்குப் போகலாமா என்று யாராவது ஆசை காட்டினால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். 2,183 மீட்டர், தீபகற்பத்தில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம், காட்டில் தங்கி ஏறுவது, வனத்துறை அனுமதி வேண்டும்.

தம்புன் குகை ஓவியங்களைப் பெரிய பிள்ளைக்குக் காட்டலாம், 1959-ல் கண்டெடுத்தவை, சுண்ணாம்புப் பாறையில் சிவப்பாக மனிதரும் விலங்கும். படி ஏற வேண்டும், மாமியாருக்கு ஆகாது. கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் குகை பிரமாதம், கட்டணம் உண்டு, உள்ளே தண்ணீரில் தவழ்ந்து போகும் பாதையும் உண்டு, சின்னவன் இன்னும் இரண்டு மூன்று வருடம் வளரட்டும்.

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்கு எல்லோரும் போவார்கள், பேய்க்கதை கேட்டுவிட்டு வருவார்கள். கெல்லி ஸ்மித் என்ற வெள்ளைக்காரன் கட்டத் தொடங்கி முடியாமல் நின்ற வீடு. நீங்கள் அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்களிடையே காய்ச்சல் பரவியபோது அவர்கள் கேட்டுக்கொண்டதால் கெல்லி ஸ்மித் கட்டிக்கொடுத்தது. கோயில் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டுப் போட்ட உருவம் ஒன்று நிற்கும், அது அவர்தான் என்பார்கள். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது.

சரி, முதல் ஞாயிறு பாலத்திலிருந்து தொடங்குங்கள். மடக்கு நாற்காலி ஒன்றும், குடையும், ஒரு சின்னப் பொட்டலம் உப்பும் வண்டியில் கிடக்கட்டும். உப்பு எதற்கு என்கிறீர்களா, ஆற்றங்கரைப் புல்லில் அட்டை இருக்கும், கடித்தால் பிய்த்து இழுக்காமல் கொஞ்சம் தூவினால் தானாக விழுந்துவிடும். திரும்பி வரும்போது பிள்ளைகள் பசி என்பார்கள். ரொட்டிச் சானாய் கடைகளில் பதினொன்றரைக்கு மேல் மாவு தீர்ந்துவிடும், அதற்கும் சேர்த்துத்தான் ஏழரைக்குக் கிளம்பச் சொன்னேன்.